அம்மிச்சிக்கு வாசித்துக் காட்டும் பையன்

"ஏனுங்க டீச்சர், பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கறானுங்க." ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என்னிடம் வரும் அம்மாக்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கேரளத்தில் தமிழ் பேசுகிற எல்லைப் பகுதியான கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு, படிப்பில் தனிக் கவனம் வேண்டிய பிள்ளைகளைப் பார்க்கும் ரிசோர்ஸ் டீச்சராகப் போய்வருகிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அவன் வாசிக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? "பக்கத்திலயே உக்காந்து தப்பைத் திருத்துவோமுங்க."

கோளாறு அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்துப் பிள்ளைக்கு எத்தனை மொழி எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ், அஞ்சாம் வகுப்பில் இந்தியும் வந்து சேரும். தமிழில் 'க' என்று ஒரே எழுத்தை எழுதிவிட்டு கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் வேறு மாதிரி சொல்கிறோம். மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'தங்கம்' என்பதை மலையாளத்தில் சொல்வது போல 'தங்க்கம்' என்று அழுத்திப் படித்தாள், அம்மா அங்கேயே நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். பிள்ளை செய்தது தப்பே இல்லை, ஒரு மொழியில் கற்றதை இன்னொன்றில் போட்டுப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் குட்டு வாங்கித் தந்த புத்தகத்தை மறுநாள் யார் எடுப்பார்கள்?

அதனால் நான் சொல்வது: ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கால் மணி நேரம், திருத்தம் கிடையாது, கேள்வி கிடையாது. முடிந்தால் நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்கட்டும். அவனே நன்றாகப் படிக்கிற வயது வந்த பிறகும் கேட்பதை நிறுத்த வேண்டாம். பள்ளியில் எந்த மீடியம் என்றாலும் வீட்டுக் கதை வீட்டில் பேசுகிற தமிழிலேயே இருக்கட்டும், அதனால் மலையாளம் கெட்டுவிடாது.

"எனக்கே படிக்கத் தெரியாதுங்களே" என்றார் தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு அம்மா. சரி, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. அவருக்கும் எழுத்து தெரியாது. நல்லதாகப் போயிற்று என்றேன், அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மிச்சியால் திருத்தவே முடியாதே! புளி கொட்டை எடுத்துக்கொண்டே "அப்புறம் என்னாச்சு?" என்று மட்டும் கேட்பார். அந்தப் பையன் ஒரே கதையை ஒன்பது நாள் வாசித்தான். நான்காம் நாளே அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது, மனப்பாடம் செய்துவிட்டுப் படிக்கிற மாதிரி ஏமாற்றுகிறானோ என்று. ஏமாற்றட்டுமே, திரும்பத் திரும்பப் பார்த்த சொல்தான் பிறகு எழுத்துக் கூட்டாமலே கண்ணில் படும்.

புத்தகத்துக்கு எங்கே போவது? 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி நூலகச் சங்கம் தொடங்கிய பி. என். பணிக்கர் நினைவாக ஜூன் 19-ல் வாயனா தினம் (வாசிப்பு நாள்) கொண்டாடுகிறோம், போஸ்டர் ஒட்டி, வினாடி வினா நடத்தி, பரிசும் கொடுத்துவிடுகிறோம். மறுநாள் போய்ப் பாருங்கள். நான் போன ஒரு வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) தமிழ் என்று இருந்தது பழைய கைடுகள் ஒரு தட்டு. (கேட்டால் வாங்கித் தருவார்கள், நாலு பேர் சேர்ந்து கேட்க வேண்டும்.) அதுவரை, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை நிலையாகப் பிரித்து இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு எளிதான ஒன்றை எடுங்கள். காமிக்ஸ் தாராளமாகப் படிக்கலாம், பொள்ளாச்சி பஸ் போர்டும் வாசிப்புதான்.

ஒன்றே ஒன்று. வரி விட்டு வரி தாவுகிறான், புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறான் என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கண் சரியாக இருந்தும் மூன்றாம் வகுப்பு முடிகிற வரைக்கும் எழுத்து பிடிபடவில்லை என்றால் அது சோம்பேறித்தனமாக இருக்காது, என்னைப் போல ஒருவரிடம் கூட்டி வாருங்கள், வருகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள்.