எம்பதி: அனுதாபமா, பச்சாதாபமா, ஒத்துணர்வா?

காரைக்குடியில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. தலைப்பு, ஆசிரியர் நலம். வந்தவர் நல்லவர், விஷயம் தெரிந்தவர், ஆனால் காலையிலிருந்து மாலைவரை 'எம்பதி வேணும், எம்பதி வேணும்' என்றாரே தவிர ஒருமுறைகூட அதைத் தமிழில் சொல்லவில்லை. மதியம் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரிய டீச்சர், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு, திரும்பிப் பார்த்து, "தம்பி, அவுக சொல்றது இரக்கம்தானே? அதைத்தான் நாம பிள்ளைககிட்ட முப்பது வருஷமாக் காட்டிக்கிட்டு இருக்கமே" என்றார். இரக்கம் இல்லை டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்தவர் இடத்தில் நின்று அவர் மனத்தை உணர்வது என்று விளக்கலாம், ஆனால் அதற்குத் தமிழில் என்ன பேர் என்று கேட்டால் சொல்ல ஒரு சொல் வரவில்லை. 1950-லேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அழகப்பச் செட்டியார் கல்லூரி கண்ட ஊர் இது, தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டி வைத்திருக்கிற ஊர். அன்று ராத்திரி அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தச் சொல் வந்த வழி. பார்த்தால் பழைய கிரேக்கச் சொல்போல இருக்கும், ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1873-ல் ராபர்ட் விஷர் என்ற ஜெர்மானியர் 'ஐன்ஃப்யூலுங்' என்று ஒரு சொல்லைக் கையாண்டார். உள்ளே போய் உணர்தல் என்று அதற்குப் பொருள். அது மனிதர்களைப் பற்றிய சொல்லே இல்லை, கலையைப் பற்றியது. ஓவியத்தையும் கட்டடத்தையும் பார்க்கிறபோது நம் உணர்வு எப்படி அந்தப் பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பின்னால் தியோடர் லிப்ஸ் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் இதை விரிவாக எழுதினார். கிரேக்கக் கோயில் தூணைப் பார்த்தால் அது பாரத்தைத் தாங்கி நிமிர்ந்து எழுவதுபோல நமக்குத் தோன்றுகிறதே, கல்லுக்கு ஏது முயற்சி, நம் உடம்பின் முயற்சியைத்தான் அதற்குள் வைத்துப் பார்க்கிறோம் என்பது அவர் வாதம். இது எனக்கு உடனே பிடிபட்டது. கானாடுகாத்தான் பக்கம் ஏதாவது ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்று அந்தப் பர்மாத் தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்த்திருந்தால் உங்களுக்கும் பிடிபடும், நம் தோளே கொஞ்சம் நிமிரும். தூணுக்குச் சொன்னதை லிப்ஸ் அப்புறம் அடுத்த மனிதரின் மனத்துக்கும் சொன்னார்.

1909-ல் எட்வர்ட் டிட்செனர் என்ற உளவியலாளர் இந்த ஜெர்மன் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதற்காகக் கிரேக்கத்தில் 'உள்ளே' என்பதையும் 'பாதோஸ்' என்ற உணர்ச்சி, துன்பம் குறிக்கிற சொல்லையும் சேர்த்து எம்பதி ஆக்கினார். இன்றைய கிரேக்க மொழியிலோ 'எம்பாதியா' என்றால் வன்மம். அதனால் எம்பதிக்குக் கிரேக்கர்களே தனியாக வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு கருத்துக்கு அவரவர் மொழியில் சொல் தேடுவது ஒன்றும் வீண்வேலை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, தமிழுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது அனுதாபம், அடுத்தது பச்சாதாபம். இரண்டுமே வடசொல். தாபம் என்றால் வெம்மை, எரிச்சல். பச்சாத் என்றால் பின்னால். செய்துவிட்டுப் பின்னால் உள்ளே எரிவதுதான் வடமொழியில் பச்சாத்தாபம், அதாவது கழிவிரக்கம். அனுதாபத்துக்கும் அங்கே வருந்தித் திருந்துவது என்றே பொருள். தமிழுக்கு வந்தபிறகு இரண்டும் பிறருக்காக வருந்துவது என்று திசைமாறிவிட்டன. வழக்கில் நிலைத்துவிட்டதால் அதைக் குறை சொல்லவில்லை, இரங்கல் கூட்டத்துக்கு 'ஆழ்ந்த அனுதாபம்' பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுதாபத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார், இன்னொருவர் நின்று பார்க்கிறார். இரக்கத்திலும் அந்த உயரம் உண்டு. பரிவு எனக்குப் பிடித்த சொல், அன்போடு சேர்ந்து நோவது அது, ஆனாலும் எதிரே இருப்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அறிவது அதில் கட்டாயமில்லை, தெரியாமலேயே பரிவு காட்டலாம். புரிந்துணர்வு என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது ஒப்பந்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது உளவியல் எழுதுகிறவர்கள் பரவலாக ஆள்வது ஒத்துணர்வு. நானும் இதற்குத்தான் கை தூக்குவேன்.

ஒத்து, உணர்வு. ஒத்தல் என்பது நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிற வினை. ஒப்பு, ஒப்புரவு, ஒற்றுமையாகப் போகிற இடத்தில் 'ஒத்துப்போறது' எல்லாம் அதன் பிள்ளைகள். ஒப்பாரியும் அதே வீட்டுப் பெண்தான். குறளில் 'மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்' என்று வருகிறதே, அங்கே ஒப்பாரி என்றால் வெறும் ஒப்புமை, அழுகை இல்லை. இன்று ஒப்புச் சொல்லி அழுவது ஒப்பாரி. எங்கள் பக்கம் இழவு வீட்டில் பார்த்திருப்பீர்கள், கட்டிப்பிடித்து அழுகிற பெண் இந்த வீட்டுச் சாவுக்கு மட்டும் அழுவதில்லை, பத்து வருஷத்துக்கு முன்னால் போன தன் புருஷனையும் சேர்த்துத்தான் சொல்லி அழுவாள். தன் வலியை வைத்துத்தான் அடுத்தவள் வலிக்குப் பக்கத்தில் போகிறாள்.

இன்னொன்று நாயனக் கச்சேரியில் இருக்கிற ஒத்து. குன்றக்குடி பங்குனி உத்திரத்தில் அந்தக் காலத்து நாயனக்காரர் பக்கத்தில் நின்று ஒருவர் நீளமான குழலை வாயில் வைத்து ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார், இப்போது அந்த இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ராகம் முழுக்க நாயனக்காரருடையது. ஒத்துக்காரர் அதில் ஒரு பிருகாவைக்கூடச் சேர்ப்பதில்லை, ஆனால் அவர் நிறுத்தினால் ராகத்துக்குத் தரை இல்லை. 'ஒத்து ஊதாதே' என்று நாம் திட்டுவதால் இந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கெட்டபெயர். ஒத்துணர்வு என்றால் ஆமாம் சாமி போடுவது இல்லை. ஒரு பெற்றோர் ஆத்திரத்தோடு வந்தால் அந்த ஆத்திரத்துக்குக் கீழே என்ன பயம் இருக்கிறது என்று உணரலாம், அவர் கேட்கிற மார்க்கைப் போடவேண்டிய அவசியம் இல்லை.

ஒத்துணர்வை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. உவம உருபுகளை நன்னூல் வரிசைப்படுத்தும்போது 'போலப் புரைய ஒப்ப' என்று தொடங்கும். ஒப்ப என்றாலே போல. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதையேதான் வற்புறுத்துகிறார். அடுத்தவர் உலகத்தை உன்னுடையது போல உணர், ஆனால் அந்தப் 'போல'வை மட்டும் தொலைத்துவிடாதே என்பது அவர் சொன்னதன் சாரம். தொலைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து கிணற்றுக்குள் கிடக்க வேண்டியதுதான். வள்ளுவர் அந்தச் சொல்லைச் சரியாக வைத்தே எழுதியிருக்கிறார்: 'அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை.' தந்நோயாக என்று சொல்லவில்லை, தந்நோய்போல். அதைவிட முக்கியம், இந்தக் கேள்வியை அவர் கேட்பது அறிவைப் பார்த்து. 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்கிறது பழமொழி. தனக்கு வராமலே தெரியவில்லை என்றால் நீ படித்தது எதற்கு என்கிறது குறள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட நேரான கேள்வி இருக்க முடியாது.

ஆனால் இந்தக் கேள்வி வாத்தியாரைப் பார்த்து மட்டும்தானா? எங்களைச் சுற்றி எல்லாரும் பிள்ளைகளிடம் ஒத்துணர்வு காட்டு என்கிறார்கள், சரி, காட்டத்தான் வேண்டும். நாற்பது பிள்ளைகளின் நாற்பது வீட்டு விவகாரத்தையும் மனத்தில் போட்டுக்கொண்டு, செயலியில் வருகையைப் பதிந்து, நோட்டுத் திருத்தி, தேர்தல் வேலைக்கும் போய் வருகிற ஆளிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்பது? பள்ளிக்கூடத்தில் ஒத்துணர்வு ஒருவழிப் பாதையாகிவிட்டது என்பதுதான் எனக்கு இருக்கிற வருத்தம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி எது என்பது வேண்டாம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர், நடுவகுப்பில் ஒரு பெற்றோர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனபிறகு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருந்தார். "விடுங்க டீச்சர், எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார் ஒருவர். "இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகலாமா" என்றார் இன்னொருவர். நானும் அப்படி ஏதோ ஒன்றைச் சொன்னேன். பெரிய டீச்சர்தான், அதே சாப்பாட்டு வரிசை டீச்சர், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்புறம் திரும்பிப் பிள்ளைக முகத்தைப் பார்க்க முடியலையாத்தா?" என்றார். பேனா நின்றது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

டென்ஷன் என்று நாங்கள் வைத்த பெயர் தப்பு. இந்த இடத்தில் தொல்காப்பியம் எனக்கு உதவியது. மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சி, எட்டு என்று எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகவும் அது சொல்கிறது. அழுகைக்குச் சொல்கிற நான்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் முன் தாழ்த்தப்படுவது இளிவு, எதையாவது இழப்பது இழவு, இருந்த நிலை குலைந்து வருந்துவது அசைவு. கணக்கு டீச்சருக்கு வந்தது இளிவு. பழைய பள்ளியிலிருந்து மாறுதலாகி வந்து இங்கே ஒட்டாமல் தவிக்கிறவருக்கு வருவது அசைவு. இரண்டுக்கும் டென்ஷன் என்று ஒரே லேபிளை ஒட்டினால் ஒரே மாத்திரையைத்தான் கொடுப்போம். தன்னுணர்வு என்று பயிற்சியில் சொன்னார்களே, அது என் கணக்கில் இதுதான், எனக்குள் வந்திருப்பதற்குச் சரியான பெயரைச் சொல்லத் தெரிவது. தன்னுடையதற்குப் பெயர் தெரியாதவர் அடுத்தவருடையதை எதற்கு ஒப்பாக வைத்து உணர்வார்?

கண்ணோட்டம் என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. இன்று கண்ணோட்டம் என்றால் பார்வைக் கோணம். வள்ளுவர் அதிகாரமே வைத்த கண்ணோட்டம் வேறு, கண் போய்ப் படுகிற இடத்தில் மனம் இளகுவது. எதிராளி நிற்கிற இடத்திலிருந்து பார்ப்பது, பார்த்து இளகுவது, எம்பதிக்கு இரண்டும் வேண்டும், இந்த ஒரே சொல் அன்றைக்கு ஒன்றையும் இன்றைக்கு மற்றொன்றையும் சுமக்கிறது. பழைய பொருள் இன்று யாருக்கும் சட்டென்று தோன்றாது என்பதால்தான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ஆனால் அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில், அரசியலில், ஆளுகிறவருக்குச் சொன்னது. 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு.' வேலையும் கெடக்கூடாது, கண்ணும் ஓடவேண்டும். பள்ளிக்கூட ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் இந்த ஒரு குறளைப் படித்துவிட்டு வந்தால் போதும்.

கதை சொல்வது பற்றியும் அந்தப் பயிற்சியில் ஒரு மணிநேரம் பேசினார்கள். நான் சின்ன வயதில் பள்ளத்தூரில் ஒரு வளவு வீட்டில் கதை கேட்டவன். ஆச்சி கொட்டான் முடைந்துகொண்டே சொல்வார், கண் ஓலையில்தான் இருக்கும், எங்களைப் பார்க்கமாட்டார். நாங்கள் 'ம்' கொட்ட வேண்டும். ஒரு 'ம்' தவறினால் கதை நின்றுவிடும், ஓலையும் நின்றுவிடும். தூங்கிட்டியாடா என்று கேட்டு, இல்லை என்று உறுதியானபிறகுதான் ராஜகுமாரன் காட்டுக்குள் மேலே நடப்பான். யாரும் நடுவில் புத்தி சொன்னதில்லை, ராஜகுமாரன் இப்படிச் செய்திருக்கலாமே என்று திருத்தியதில்லை, வெறும் 'ம்'. நாயனத்துக்கு ஒத்து மாதிரி. தமிழில் ஒத்துணர்வு என்ற சொல்லுக்கு ஒரே எழுத்தில் செயல்வடிவம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

பயிற்சி முடிந்து வந்தபிறகு எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் அரைமணி நேரம் உட்காருகிறோம். அந்த வாரத்தில் தனக்கு நடந்த ஒன்றை ஒருவர் கதைபோலச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், மற்றவர்களுக்கு 'ம்' மட்டும்தான் அனுமதி. முதல் இரண்டு வாரம் எங்களால் முடியவேயில்லை. வாத்தியார்கள் இல்லையா, வாயைத் திறந்தால் அறிவுரைதான் வரும். மூன்றாவது வாரம் பெரிய டீச்சர் "வாயில வெத்தலை போட்ட மாதிரி உட்காருங்கப்பா" என்று ஒரு அதட்டல் போட்டார், அதற்குப்பிறகு பழகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாகிவிட்டது. இதுவரை ஒருநாளும் வந்து உட்காராத எச்.எம். சார் கதவுப் பக்கம் நின்றபடியே, "எங்க அம்மாவுக்கு இப்போ என்னைய யாருன்னு தெரியலை" என்றார், மேலே ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ம்" என்றார்.