பழைய வீடு நிலைக்க வேண்டுமென்றால், விற்பதற்கு முன் மாநகர சபைக்குப் போங்கள்

போன மாதமும் ஒரு வீடு போய்விட்டது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் பண்ணை வீடு. "எனக்குப் பிறகும் இது இப்படியே நிற்கவேண்டும்" என்று அதன் சொந்தக்காரர் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். எழுத்தில் ஒன்றும் செய்யவில்லை. அவர் காலமானார், பிள்ளைகள் விற்றார்கள், வாங்கியவர் இடித்தார். யாரும் சட்டத்தை மீறவில்லை. அயலவர்கள் என்னைக் கூப்பிட்டபோது கூரை இறங்கியிருந்தது.

நான் ஒன்ராறியோவில் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் கட்டடக் கலைஞர். எனக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றுதான். வீட்டில் அவ்வளவு பற்று வைத்திருந்தவர், அதை மரபுரிமைச் சொத்தாகப் பிரகடனப்படுத்தும்படி சபையைக் கேட்கப் பயந்திருக்கிறார்.

என்ன பயம்? "பிரகடனம் செய்தால் வீடு அரசாங்கத்தின் கைக்குப் போய்விடும், ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கவேண்டும்." சொந்தக்காரர்கள், விற்பனை முகவர்கள், சில நேரம் சட்டத்தரணிகள்கூட இதையே சொல்கிறார்கள். தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள்.

வீடு உங்களுடையது. காணி உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கும். விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம். பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடத் தேவையில்லை. பழைய தோற்றத்துக்கே திருப்பிக் கட்டும்படியும் யாரும் உங்களை வற்புறுத்தமாட்டார்கள். சபை நிறைவேற்றும் துணைச்சட்டத்தில், அந்த வீட்டில் காக்கவேண்டிய கூறுகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கும். முகப்பின் மஞ்சள் செங்கல், இரட்டைப் புகைபோக்கி, முன் விறாந்தையின் மரத்தூண்கள், மேல்மாடியின் வளைந்த யன்னல்கள் என்று. அந்தக் கூறுகளைப் பாதிக்கும் வேலைக்கு மட்டும்தான் மரபுரிமை அனுமதி. குசினியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். குளியலறை, நிலவறை, வயரிங், வெப்பமூட்டி எல்லாம் உங்கள் விருப்பம். வீட்டின் உட்புறம் பட்டியலில் எழுதப்பட்டிருந்தாலொழிய அதற்குக் கட்டுப்பாடே இல்லை. சாதாரண கட்டட அனுமதி எல்லா வீட்டுக்கும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரரும் அதை எடுத்துத்தான் ஆகவேண்டும். பட்டியலில் உள்ளதையும் மாற்றலாம், விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். முழுமையான விண்ணப்பம் கிடைத்தபின் 90 நாளுக்குள் சபை பதில் சொல்லவேண்டும். பின்பக்கம் புது அறை சேர்த்துக் கட்டுவதற்கு நானே பல பிரகடன வீடுகளுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆணி அடிப்பதற்கு அனுமதி கேட்ட ஒருவரை இன்றுவரை நான் சந்தித்ததில்லை.

நீங்களாகவே போய்க் கேட்பதில்தான் பெரிய நன்மை இருக்கிறது. அந்தப் பட்டியல் எழுதப்படும்போது சபையின் திட்டமிடல் அலுவலரோடு நீங்களும் உட்காரலாம். விறாந்தை 1960களில் யாரோ ஒட்டியது என்றால், அப்போதே ஆதாரத்தோடு சொல்லுங்கள், அது பட்டியலில் சேராது. பேசாமல் இருந்தால் சபை நம்மை விட்டுவிடும் என்று நினைப்பதும் தவறு. சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டாலும் பிரகடனம் செய்ய ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் சபைக்கு அதிகாரம் தருகிறது. லேக்‌ஷோர் நகரத்துத் தேவாலயம் ஒன்றைப் பற்றிய வழக்கில், சொந்தக்காரரின் சம்மதத்தை முன்நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று 2003-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"எங்கள் வீடு ஏற்கெனவே மரபுரிமைப் பதிவேட்டில் (மரபு மதிப்புள்ளவை என்று சபை குறித்துவைக்கும் பட்டியலில்) இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: பிரகடனம் இல்லாமல் அது பாதுகாப்பு அல்ல. பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்தால், இடிக்க நினைப்பவர் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். 2022-இல் வந்த சட்டத் திருத்தம் அதையும் பலவீனமாக்கிவிட்டது. பிரகடனத்துக்கான நடவடிக்கை தொடங்காத பழைய பதிவுகள் 2027 ஜனவரி 1-ஆம் தேதியோடு நீக்கப்படவேண்டும். நீக்கிய வீட்டை ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பச் சேர்க்க முடியாது. அந்த இடைவெளியில் ஒருவர் அந்தக் காணியில் காணிப் பயன்பாட்டு வகையை மாற்ற விண்ணப்பித்தால், சபை விரும்பினாலும் பிரகடனத்தைத் தொடங்க முடியாது. உங்கள் வீடு பதிவேட்டில் மட்டும் இருந்தால் இந்த வாரமே சபைக்கு எழுதுங்கள்.

மாளிகையாக இருந்தால்தான் தகுதி என்றும் நினைக்காதீர்கள். மாகாண விதிமுறையில் ஒன்பது அளவுகோல்கள் உள்ளன, இரண்டு பொருந்தினால் போதும். ஒரு தொழிலாளியின் சின்ன வீடும் அந்தத் தெருவின் வரலாற்றைச் சொன்னால் தகுதி பெறும். பழைய படங்கள், உறுதிகள், வரிப் பதிவேடுகள், கோட் நிறுவனத்தின் தீக் காப்புறுதி வரைபடங்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். உள்ளூர் நூலகரிடம் கேளுங்கள், மனமுவந்து உதவுவார்கள்.

காசு விஷயம். மரபுரிமை வீடுகளுக்குச் சொத்து வரியில் 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்க நகரங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. எல்லா நகரமும் அதைச் செய்வதில்லை, உங்கள் நகரத்தில் விசாரியுங்கள். ரொறன்ரோவில் தகுதியான சீரமைப்புச் செலவில் பாதி வரை மானியமாகக் கிடைக்கலாம், ஆனால் பிரகடனமான கட்டடங்களுக்கு மட்டும். வீட்டின் விலை விழுந்துவிடும் என்ற பேச்சுக்கு, 2000-ஆம் ஆண்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் ஷிப்லி வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கிட்டத்தட்ட 3,000 சொத்துகளை ஆராய்ந்து, பிரகடனத்தால் விலை பாதிக்கப்படுவதாகத் தெரியவில்லை என்றார். காப்புறுதி கட்டணத்தைக் கூட்டுவது பிரகடனம் அல்ல, பழைய வயரிங்கும் எண்ணெய்த் தொட்டியும்தான். வீடு முழுதாக எரிந்துபோனால் அதே மாதிரி கட்டவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்று, நான் எல்லோரிடமும் சொல்வது: 19-ஆம் நூற்றாண்டுச் செங்கல் சுவரில் சீமெந்துப் பூச்சுக்காரரை ஏற்றாதீர்கள். அந்தச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தோடுதான் ஒத்துப்போகும். இடுக்குகளைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும். இடிக்காமலேயே வீட்டைக் கொல்லும் வழி அது.

பிரகடனம் இரும்புக் கவசம் என்று நான் சொல்லமாட்டேன். பிற்காலச் சொந்தக்காரர் அதை நீக்கும்படி கேட்கலாம், இடிக்க விண்ணப்பிக்கலாம், மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் 2005-க்கு முன் சபையால் இடிப்பைத் தாமதிக்க மட்டுமே முடிந்தது, இன்று மறுக்க முடியும். சட்டவிரோதமாக இடிப்பவருக்கு அபராதம் பத்து இலட்சம் டொலர் வரை போகலாம். "பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிடலாமே" என்பவர்கள் மார்க்கம் நகரத்து நூதனசாலைக்கு அருகே அப்படிப் பெயர்த்து வைத்த வீடுகளைப் போய்ப் பாருங்கள். நல்ல முயற்சிதான், ஆனால் தன் தெருவையும் காணியையும் இழந்த வீடுகள் அவை. வேறு வழியே இல்லாதபோது செய்யவேண்டியது அது.

மரணசாசனத்தில் ஆசையை எழுதிவைத்தால் போதாதா என்று வயதானவர்கள் கேட்கிறார்கள். ஐயா, அம்மா, போதாது. பிள்ளைகளிடம் வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. பிரகடனம் காணி உறுதியோடு பதிவாவதால் அடுத்து வரும் ஒவ்வொரு சொந்தக்காரரையும் கட்டுப்படுத்தும். சபை பிரகடன எண்ணத்தை அறிவித்தபின் 30 நாள் ஆட்சேபனைக்கு, 120 நாளுக்குள் துணைச்சட்டம். அதற்கு முந்திய ஆய்வுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே முகவரிடம் விற்பனைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு, சபையின் மரபுரிமைத் திட்டமிடலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: முகவரி, நான்கு பக்கமும் எடுத்த படங்கள், வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தவை.