மார்கழிக் குளிரில் மீனுக்கு எவ்வளவு தீவனம்?

மார்கழி, தை மாதங்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை வகைகள் வளரும் குளங்களில் மீன் செத்து மிதந்தால் பழி பனியின் மேல் விழுகிறது. ஆனால் நம் சமவெளிக் குளிர் கெண்டை மீனைக் கொல்லும் அளவுக்குக் கடுமையானதல்ல. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம்கூட விடியற்காலையில் குளத்து நீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். கோடையில் போட்ட அதே தீவனத்தை அந்த நீரிலும் போடுவதுதான் பல குளங்களில் வினையாகிறது.

மீனுக்குத் தனியாக உடல் சூடு கிடையாது. நீரின் சூடுதான் அதன் சூடு. 25 முதல் 32 டிகிரி வரை கெண்டை நன்றாகத் தின்று செரிக்கும். நீர் குளிரக் குளிரச் செரிமானம் மந்தமாகி, பசியும் குறையும். தின்னாமல் விட்ட புண்ணாக்கு அடியில் அழுகி அம்மோனியாவாகும். அதை மாற்றிச் சுத்தப்படுத்தும் பாக்டீரியாவும் குளிரில் மெதுவாகவே வேலை செய்யும் என்பதால் நஞ்சு தேங்கிவிடுகிறது.

ஒரு குளத்தில் சராசரி அரை கிலோ எடையில் 2,000 மீன் இருந்தால் மொத்த எடை 1,000 கிலோ. எடையில் 2 சதவீதம் என்ற கணக்கில் வழக்கமாக நாளுக்கு 20 கிலோ தீவனம் போகும். காலை நீர் 22 டிகிரிக்குக் கீழே போனதும் அதை 10 கிலோவாக்குங்கள். 18-க்குக் கீழே போனால் அன்று தீவனமே வேண்டாம். கெண்டை சில நாள் பட்டினியைத் தாங்கும். அழுகிய அடிமண்ணைத் தாங்காது. விடிந்ததும் தீவனம் போடும் பழக்கத்தை விட்டு, வெயில் ஏறியபின் 11 மணிக்கு மேல் போடுங்கள். ஓட்டை போட்ட பையில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் மறுநாள் பையைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் அந்த அளவைக் கழித்துப் போடவேண்டும். வெப்பமானியை ஓரடி ஆழத்திலும் அடியிலும் காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் வைத்துப் பாருங்கள். கையை விட்டுப் பார்ப்பது போதாது.

அளவைப் போலவே தீவனத்தின் கொழுப்பையும் கவனிக்க வேண்டும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறதே, அப்படித்தான் கெட்டிக் கொழுப்புகள் குளிரில் இறுகும். குளிர்ந்த நீரில் மீன் தன் செல் சவ்வுகளை இளக்கமாக வைத்துக்கொள்ள மீன் எண்ணெய், ஆளி எண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு தேவை. இதில் ஒரு சிக்கல்: இந்த எண்ணெய்கள்தான் சீக்கிரம் காறிப்போகும். தவிடும் அப்படியே. பட்டு வளர்ப்பு நடக்கும் ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் பட்டுக் கூட்டுப்புழுவில் எண்ணெய் மிகுதி. காறிய கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதை கரைந்து ஒடுங்கும் நோய் ஜப்பானில் வந்திருக்கிறது. அங்கே அதற்கு ‘செகோகே’ என்று பெயர். வைட்டமின் இ போதாமல் போவது அதைத் தீவிரமாக்கும். மழைக்காலத்தில் வாங்கி ஈரத்தில் அடுக்கிய கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் உண்டாகி ஈரலைக் கெடுக்கும். காய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது, கொட்டிவிடுங்கள். மூட்டையைப் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்கி, ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

குளிர் மீனின் எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். வடகிழக்கு மழைக்குப்பின் நீர் 18 முதல் 22 டிகிரியில் நிற்கும்போதுதான் அபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி தோல் வழியே சதைக்குள் இறங்கிச் சிவப்புப் புண்களை உண்டாக்குகிறது. விரால் முதலில் மாட்டும். மிர்கால், ரோகு, கட்லாவுக்கும் வரும். சாதா கெண்டையும் திலேப்பியாவும் பெரும்பாலும் தப்பும். மழை நின்றதும் கார அமில நிலையை அளந்து, 7-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 80 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து ஆறவைத்துத் தெளியுங்கள். புண் கண்டுவிட்டால் புவனேசுவரத்தின் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய ‘சிஃபாக்ஸ்’ மருந்து இருக்கிறது: ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டருக்கு ஒரு லிட்டர்.

இந்த மாதங்களில் எடை பார்ப்பதற்காக அடிக்கடி வலை இழுக்காதீர்கள். செதில் உதிர்ந்த இடம் குளிரில் ஆறத் தாமதமாகும், பூஞ்சை அங்கேதான் பற்றும்.

நீலகிரி அவலாஞ்சியில் வளரும் டிரவுட் மீனுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கெண்டை வாயை மூடும் 15 டிகிரியில் அது நன்றாகவே தின்னும்.

மாசியில் நீர் தொடர்ந்து 25 டிகிரியைத் தொட்டதும் ஒரே நாளில் பழைய அளவுக்குத் தாவாமல், 10 கிலோவிலிருந்து இரண்டு நாளுக்கு 2 கிலோ வீதம் கூட்டிக்கொண்டு போங்கள்.