ஏப்பத்தோடு வரும் அமிலம்

ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "குழம்பில் மிளகாய்த்தூளைப் பாதியாக்கிவிட்டோம், புளியும் விட்டாயிற்று. ஆனாலும் இரவு படுத்த சிறிது நேரத்தில் நெஞ்சு கரித்து, புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களிக்கிறது. இன்னும் எதைத்தான் நிறுத்துவது?"

காரமும் புளியும் வயிற்றில் அமிலத்தைக் கூட்டுகின்றன, கூடிய அமிலம் மேலே வழிகிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. இந்தக் கேள்வியும் அதிலிருந்துதான் பிறக்கிறது. உண்மையில் நாட்பட்ட எதுக்களிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அமிலச் சுரப்பு மற்றவர்களுக்கு இருக்கும் அளவில்தான் இருக்கிறது. அந்த அமிலம் தன் இடத்தை விட்டு மேலே ஏறுவதும், ஏறியது சீக்கிரம் இறங்காமல் தங்கிவிடுவதுமே கோளாறு. எனவே தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, எவ்வளவு இருக்கிறது, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், சாப்பிட்டபின் உடம்பை எப்படிக் கிடத்துகிறோம் என்பவையும் முக்கியமாகின்றன.

பள்ளியில் படித்ததை விரைவாக நினைவுபடுத்திக்கொள்வோம். இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு அப்படி இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுருக்குத்தசை இறுகியே இருக்கிறது. அதைச் சுற்றி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசைநாரும் வெளியிலிருந்து பிடித்துக்கொள்கிறது. நாம் விழுங்கும்போது மட்டும் அது சில நொடிகள் தளர்ந்து உணவை உள்ளே விட்டு மறுபடியும் இறுகும்.

இந்தத் தசை பலவீனமாகித் தொளதொளத்துப் போவதால்தான் அமிலம் மேலேறுகிறது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதைச் சரிபார்ப்பதும் எளிதாக இல்லை. மூச்சு விடும்போதும் விழுங்கும்போதும் அந்தத் தசை ஓரிரு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்வதால், ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தத்தை அளக்கும் கருவி அடிக்கடி அதைத் தவறவிட்டது. ஜான் டென்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1976-இல் இதற்கு ஒரு வழி கண்டார். மெல்லிய குழாயின் மேல் நீளமான உறை ஒன்றைப் பொருத்தி, தசை அந்த நீளத்துக்குள் எங்கே நகர்ந்தாலும் அதன் அழுத்தம் பதிவாகும்படி செய்தார். 1980-இல் அவரும் உடனாய்வாளர்களும், நோயில்லாத தன்னார்வலர்களுக்கு அதைப் பொருத்தி இரவு நெடுகப் பதிவு செய்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நன்றாக இறுகியிருக்கும் அதே தசை, விழுங்கல் எதுவும் நடக்காதபோதே, திடீரென்று பத்து நொடிக்கு மேல் முழுக்கத் தளர்ந்து, பிறகு தானாகவே இறுகியது. அமிலம் மேலேறிய தருணங்களில் பெரும்பாலானவை இந்தத் தளர்வுகளின்போதே நிகழ்ந்திருந்தன.

உடல் எதற்காக இப்படி ஒரு வழியைத் திறந்துவிடுகிறது? ஏப்பம் விடுவதற்காகத்தான். நாம் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் உணவோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போகிறது. அது இரைப்பையின் மேல்பகுதியில் சேர்ந்து அதன் சுவரை உப்பச் செய்கிறது. சுவர் இழுபடுவதை அங்குள்ள நரம்பு நுனிகள் உணர்ந்து, வேகஸ் நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து அதே நரம்பின் வழியே திரும்பும் கட்டளை சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது, உதரவிதானத்தின் பிடியையும் அந்த நேரத்துக்கு மட்டும் விலக்குகிறது. மூச்சு நிற்காமல், நமக்குத் தெரியாமலேயே, இரண்டு தசைகள் ஒரே நேரத்தில் வழிவிடுகின்றன, காற்று வெளியேறுகிறது. என்னைக் கேட்டால், செரிமானப் பாதையில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு வேறில்லை. இது இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை மாடுகள் காட்டுகின்றன: ஏப்பம் விட முடியாத மாட்டுக்கு வயிறு உப்பி, சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் 1956-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சையில் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்து வழியை இறுக்குகிறார்கள். அதனால் எதுக்களிப்பு நிற்கிறது, ஆனால் சிலருக்கு ஏப்பமும் வராமல் வயிற்று உப்புசம் தொல்லையாகிவிடுகிறது.

அப்படியானால் ஏப்பம் விடும் எல்லோருக்கும் நெஞ்சு கரிக்க வேண்டுமே? இந்தத் தளர்வு எல்லோருக்கும் நிகழ்வதுதான்; அதன் எண்ணிக்கையில் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வேறுபாட்டைப் பல ஆய்வுகள் காணவில்லை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் காற்று மட்டும் வருகிற அந்த நேரத்தில் நோயாளிகளுக்கு அமிலமும் சேர்ந்து வருகிறது. ஏன் என்பதற்கான விடையின் ஒரு பகுதி 2001-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. சாப்பாடு அமிலத்தின் கடுமையைக் குறைக்கும் என்பதால் சாப்பிட்டபின் இரைப்பை முழுவதும் பி.எச். (அமிலம் கடுமையாக ஆக இந்த எண் குறையும்) உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதை அளக்கும் மெல்லிய குழாயை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு வந்தபோது, இரைப்பையின் நடுப்பகுதியில் 4.7 இருந்த பி.எச்., உணவுக்குழாய் சேரும் வாயருகே 1.6-ஆக இறங்கியிருந்தது. கலக்காமல் வைத்த ரசத்தில் மண்டி அடியில் தங்கித் தெளிவு மேலே நிற்பதைப் போல, புதிதாகச் சுரந்த அமிலம் உணவோடு கலக்காமல் அதன் மேல் ஓர் அடுக்காக நிற்கிறது. இரைப்பையின் மேல்பகுதியில் பிசையும் அசைவு குறைவு என்பதே காரணம். ஏப்பத்துக்காக வழி திறக்கும் இடத்துக்கு மிக அருகே, உள்ளதிலேயே கடுமையான அமிலம் நிற்கிறது. இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருப்பவர்களுக்கு, அதாவது ஹையாட்டஸ் ஹெர்னியா உள்ளவர்களுக்கு, அந்த அமில அடுக்கும் கூடவே மேலேறி நிற்பதால் ஒவ்வொரு தளர்விலும் அமிலம் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கலந்த மருந்துகள் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கப்படுவதும் இதனால்தான். அவை ஜெல்லாகித் திரண்டு, அந்த அடுக்கின் மேல் மிதக்கின்றன.

சாப்பாட்டைப் பற்றிய அறிவுரைகளில் எது ஏன் பலிக்கும் என்பது இப்போது புரியும். வயிறு முட்டத் தின்றால் சுவர் அதிகம் இழுபட்டுத் தளர்வுகள் கூடும். அதே உணவை இரண்டு வேளையாகப் பிரித்தால் குறையும். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டால் காற்றும் அதிகம் உள்ளே போகும். விருந்து முடிந்ததும் "செரிக்கட்டும்" என்று கோலி சோடாவை உடைத்துக் குடிப்பவர் உண்மையில் கரியமில வாயுவைக் கொண்டு இரைப்பையை ஊதி, அந்தத் தளர்வைத் தானே வரவழைக்கிறார். ஏப்பம் வந்ததும் நிம்மதி கிடைப்பது உண்மைதான், நெஞ்சு கரிப்பவருக்கு அதோடு அமிலமும் வரும். இரவு பதினொரு மணிக்கு எண்ணெய் மிதக்கும் சால்னாவோடு பரோட்டா சாப்பிடுவதில், கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

மிளகாயின் கதை வேறு. உணவுக்குழாயின் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, மிளகாயின் காப்சைசின், அமிலம் ஆகிய மூன்றுமே அதைத் தூண்டும். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அமிலத்தால் ஏற்கெனவே நொந்துபோன இடத்தில் மிளகாயும் பட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும், ஆனால் அமிலத்தை மேலே ஏற்றியது மிளகாய் என்று சொல்ல முடியாது. எனவே காரத்தை எல்லோரும் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எந்த உணவுக்குப் பின் கரிக்கிறது என்று சில வாரங்கள் குறித்துவைத்து, தனக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் நிறுத்தினால் போதும். ஒருவருக்குக் காப்பி, இன்னொருவருக்குத் தக்காளி, வேறொருவருக்கு எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

வாசகர் சொல்லும் இரவுத் தொல்லைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பகலில் அமிலம் மேலேறினால் ஓரிரு விழுங்கல்களில் அதன் பெரும்பகுதி கீழே தள்ளப்பட்டுவிடுகிறது. சுவரில் ஒட்டிய மிச்சத்தை, அடுத்தடுத்து விழுங்கும் எச்சிலில் உள்ள பைகார்பனேட் முறித்துவிடுகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும், விழுங்குவதும் அரிதாகும், படுத்திருப்பதால் புவியீர்ப்பின் உதவியும் கிடைக்காது. பகலில் சில நிமிடங்களில் போய்விடும் அமிலம் இரவில் நெடுநேரம் தங்கிப் புண்ணாக்குகிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்வது இதற்காகத்தான்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவது பலன் தருகிறது. தலையணைகளை அடுக்கிக்கொண்டால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிற்றை அழுத்துமே தவிர, பலன் இல்லை. பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக உயரும்படி மெத்தையை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பக்கம் படுக்கிறோம் என்பதும் முக்கியம். இடப்பக்கம் ஒருக்களித்தால் இரைப்பையின் அமிலக் குளம் கீழேயும் உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலேயும் அமைகின்றன. வலப்பக்கம் படுத்தால் அந்த வாய் குளத்துக்குள்ளேயே மூழ்கிவிடும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2022-இல் நோயாளிகளின் படுக்கும் நிலையையும் உணவுக்குழாயின் அமிலத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். அமிலம் மேலேறிய தடவைகளின் எண்ணிக்கை எந்தப் பக்கம் படுத்தாலும் பெரிதாக மாறவில்லை, ஆனால் இடப்பக்கம் படுத்திருந்தபோது ஏறிய அமிலம் மிக விரைவில் இறங்கியது.

தொப்பை இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம். அது இரைப்பையை இரவும் பகலும் கீழிருந்து அழுத்துகிறது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நெடுங்காலம் நடந்த ஆய்வில், உடல்நிறைக் குறியெண் (பி.எம்.ஐ.) 3.5-க்கு மேல் கூடிய பெண்களுக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கானது; முதலில் சரியான எடையோடு இருந்தவர்களுக்கும் இது பொருந்தியது. இடுப்பை இறுக்குவதும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. கிளாஸ்கோ குழுவினர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிச் சோதித்தபோது, மேலேறிய அமிலம் இறங்கத் தாமதமாவது தெரிந்தது. பாவாடை நாடாவையும் வேட்டி பெல்ட்டையும் சாப்பாட்டுக்கு முன் ஒரு சுற்றுத் தளர்த்துவதற்குச் செலவு எதுவும் இல்லை. உதரவிதானத்தை இயக்கி வயிற்றால் மூச்சு விடும் பயிற்சி அமிலத்தைக் குறைப்பதாக ஆஸ்திரியாவில் 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது சிறிய ஆய்வு. மாத்திரைகளைச் சோதிக்க ஆயிரக்கணக்கானோரைத் திரட்டும் நிறுவனங்களுக்குச் செங்கல்லிலும் மூச்சிலும் லாபம் இல்லை. எனவே இவற்றைப் பெரிய அளவில் சோதிக்க அரசுப் பணம்தான் வரவேண்டும், அதுவும் இட்லி, சாம்பார், இரவுப் பரோட்டா சாப்பிடும் நம் மக்களிடமே சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செரிக்காத உணவு வயிற்றில் நின்றுவிட்டது என்று தொக்கம் எடுக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உறிஞ்சி எடுத்ததாகச் சொல்லி, என்றோ தின்ற இறைச்சித் துணுக்கு ஒன்றைக் கையில் காட்டுவார்கள். ஒரு வேளை உணவு பொதுவாக நான்கைந்து மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். வாரக்கணக்கில் கறித்துண்டு அங்கே காத்திருக்காது. காசு போவது மட்டுமென்றால் பேசாமல் விட்டுவிடலாம். மாரடைப்பின் வலியும் நெஞ்செரிச்சல் போலவே தொடங்கலாம் என்பதால், "கேஸ்தான்" என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருந்து உயிரை விட்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். நடக்கும்போது வலி கூடினாலும், தாடைக்கோ கைக்கோ பரவினாலும், வியர்த்தாலும், உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகள் எதுக்களிப்பை நிறுத்துவதில்லை; ஏறிவரும் நீரின் கடுமையைக் குறைக்கின்றன, அதனால் புண் ஆறுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் அமிலச் சுரப்பிகளை மட்டுமே அவை முடக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலச் சுரப்பு சில வாரங்களுக்கு முன்னைவிடக் கூடும். நெஞ்செரிச்சலே இல்லாத டென்மார்க் தன்னார்வலர்களில் பலருக்கு, எட்டு வாரம் கொடுத்து நிறுத்தியபின் புதிதாக நெஞ்சு கரித்தது. எனவே மருத்துவரிடம் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைப்பதே சரி. விழுங்கிய சோறு நெஞ்சில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், உணவை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திராமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்.