முதலில் கலிங்கு எங்கே என்று பாருங்கள்

டெக்சாஸ் கால்நடைப் பண்ணைகளில், ஓடையை மறித்துப் போட்ட சிறிய மண் அணைகளைப் பார்வையிடுவது என் வேலையில் ஒரு பகுதி. பண்ணைக்காரர்கள் இந்தக் குளங்களை 'டாங்க்' என்பார்கள். நம் ஊர் அரசுக் காகிதங்களில் ஏரிக்கு இருக்கும் அதே சொல். பல கரைகள் தாத்தா காலத்தில் புல்டோசரால் மண்ணைத் தள்ளிப் போட்டவை. வரைபடம் எதுவும் இருக்காது.

போனதும் நான் கேட்பது, கலிங்கு, அதாவது குளம் நிறைந்ததும் மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி, எங்கே என்றுதான். ஒரு பண்ணையில், மீன் தப்பிவிடக் கூடாது என்று கலிங்கின் குறுக்கே கம்பிவலை அடித்திருந்தார்கள். சருகும் கிளையும் சேர்ந்து பாதி உயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தது. "ஐம்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்றார் உரிமையாளர்.

வெள்ளத்துக்கு வழி இல்லையென்றால் அது கரைமேல் ஏறி வழியும். வெளிச்சரிவின் மண் அரிக்கும், அந்தப் பள்ளம் கரையின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே வரும், சில மணி நேரத்தில் கரை பிளந்துவிடும். ஹவாயின் கவாய் தீவில், 1890-இல் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டிய கா லோகோ அணை 2006 மார்ச் 14 அதிகாலை உடைந்து 7 பேரைக் கொண்டுபோனது. வாரக்கணக்கில் மழை பெய்திருந்தது. தண்ணீர் வெளியேற வேண்டிய கலிங்கு மண் போட்டு மூடப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. தனியார் நிலத்தில் இருந்த அணை அது.

அடுத்து மரங்கள். கரையில் மெஸ்கீட், அதாவது நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி, முளைத்தால் கன்றிலேயே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தை வெட்டி வேரை விட்டால், அந்த வேர் மட்கிய வழியில் தண்ணீர் புகும். கரைக்குள் போகும் இரும்புக் குழாயும் அப்படித்தான். துரு ஓட்டை போட்டதும் சுற்றியுள்ள மண் குழாய்க்குள் இறங்கும். மேலே திடீரென்று குழி விழும். கரையடியில் கசிவு தெளிவாக வந்தால் தினமும் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணே வெளியே வருகிறது. அப்போது காத்திருக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள், கீழே இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

அரசு வந்து பார்க்கும் என்று இருந்துவிட முடியாது. டெக்சாஸில் 2013-இல் வந்த சட்டம், மக்கள்தொகை குறைந்த மாவட்டங்களில் 500 ஏக்கர்-அடிக்கும் (ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி) குறைவாகக் கொள்ளும் தனியார் அணைகளில் பலவற்றுக்குப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் வரும் என்று 'உயர் ஆபத்து' வகையில் வைத்தவற்றுக்கு மட்டும் விலக்கு இல்லை. ஆனால் வகை பிரித்த பிறகு கீழே வீடுகள் வந்துவிடுகின்றனவே!

அந்தப் பண்ணையிலும் அதுதான் நடந்திருந்தது. தாத்தா கரை போட்டபோது கீழே வெறும் மேய்ச்சல் நிலம். இப்போது ஓடையோரம் ஐந்து வீடுகள். அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்கூட உரிமையாளரிடம் இல்லை. வலையை அன்றே கழற்றினார். அப்புறம் மாலையில் இருவரும் ஓடை வழியே நடந்து போய் ஐந்து கதவுகளையும் தட்டினோம்.