"இருபத்தஞ்சு மில்லிதானே போயிருக்கு, விடுங்க டாக்டர்"

அறுவை அரங்கில் இந்தப் பேச்சு இன்னமும் காதில் விழுகிறது. மேசையில் கிடப்பது 3 கிலோ பச்சிளங்குழந்தை.

கணக்குப் போடுங்கள். நிறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம். மொத்தம் 250 மில்லி சொச்சம். 25 மில்லி போனால் பத்தில் ஒரு பங்கு காலி. பெரியவருக்கு அரை லிட்டர் போன மாதிரி. அதற்கு யாராவது "தானே" போடுவார்களா? ரத்தத்தை உறிஞ்சும் சக்‌ஷன் பாட்டில் காலியாக இருக்கிறதாம். பாட்டிலில் ஏன் தேடுகிறீர்கள்? ரத்தம் அதை ஒற்றிய காஸ் துணியிலும் விரிப்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு காஸையும் காய்வதற்குள் எடை போடுங்கள். உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. கழுவ ஊற்றிய சலைனையும் கழிக்க வேண்டும். மருந்துக்குப் பின் குழாயைக் கழுவத் தள்ளும் ஃப்ளஷ் ஒவ்வொன்றும் உள்ளே போன திரவக் கணக்கில் வரட்டும்.

கஃப் பிபி எடுக்கவில்லையென்றால் மெஷினைத் திட்டாமல் நெஞ்சில் விரலை அழுத்திப் பாருங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா? மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அளவும் சரிகிறதா? ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது.

துடிப்பு 100க்குக் கீழ் இறங்கியதும் கை, துடிப்பைக் கூட்டும் அட்ரோபினுக்குப் போகிறது. முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன், மூச்சுக்குழாய் டியூப். அடுத்து மயக்க வாயுவின் அளவு. அப்புறம் வயிற்றுக்குள் பெருஞ்சிரையை அழுத்தும் ரிட்ராக்டர் என்ற விலக்குக் கருவி (சர்ஜன்கள் கோபித்துக்கொள்ளட்டும், எடுக்கச் சொல்லுங்கள்). 60க்குக் கீழே போனால் யோசிக்காமல் நெஞ்சழுத்தம், கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அட்ரினலின்.

ரத்தம் ஏற்றும்போது புதிய பையாகக் கேளுங்கள். பழைய பையில் பொட்டாசியம் கூடியிருக்கும். மத்திய சிரை வழியே வேகமாகத் தள்ளினால் இதயமே நின்றுவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்த்த சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; இந்த வயது இதயம் சுருங்க ரத்தக் கால்சியத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதை ஈடுகட்டக் கால்சியம் கொடுக்கிற வெயின் நன்றாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், கசிந்தால் தோல் வெந்துபோகும்.

ஐவி லைனில் ஒரு குமிழிகூட வேண்டாம். இதயத்தின் இடைத்துளை இன்னும் மூடியிருக்காது, குமிழி நேரே மூளைக்குப் போகலாம். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் புரோப் வலது கையில் ஒன்று, காலில் ஒன்று. டக்டஸை (பிறந்தபின் மூடிக்கொள்ளும் ரத்தநாள இணைப்பு) நம்பி உயிர் வாழும் குழந்தைக்கு அதைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஓடிக்கொண்டிருந்தால், இடம் மாற்றும்போதுகூட அதை நிறுத்தாதீர்கள்.

வார்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயக்கத்துக்கு முன் தாய்ப்பாலுக்கு 4 மணி நேர இடைவெளி போதும். கேஸ் தள்ளிப்போனால் மயக்க மருத்துவர்களான எங்களைக் கேட்டுவிட்டுப் பால் கொடுங்கள். கொடுக்கக் கூடாத நோயென்றால் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் திரவம்) ஓடட்டும். வற்றிப்போய் வந்த குழந்தைக்கு மயக்கம் கொடுத்ததும் பிபி விழுகிறது.