பத்துப் பாகமும் பாரன் தீவும்

முல்லைத்தீவில் கடலின் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம், அதாவது ஏறக்குறைய 1.8 மீற்றர். படகைத் தள்ளி எஞ்சினை இழுத்தால், பத்துப் பாகத் தண்ணீர் வர நல்ல தூரம் ஓட வேண்டும். வழி நெடுக அடியில் மணல்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள். கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் சுழியோடிகளுக்கு அந்தப் பார்கள் இருக்கிற இடம் மனப்பாடம்.

எரிமலைத் தீவுகளைச் சுற்றிச் சுழியோடுகிறவர்கள் எடுத்த படங்களில் எனக்கு மீனுக்கு முன்னால் கண்ணில் படுவது சரிவு. கரையை விட்ட உடனேயே கறுத்த சுவர் ஒன்று கீழே இறங்கி, நீல இருட்டில் மறைந்துவிடுகிறது. எங்கள் கடலில் அப்படி ஏன் இல்லை?

வன்னி என்ற பெயர் புவியியலிலும் உண்டு. இலங்கையின் பழைய படிகப் பாறைகளைப் பிரிக்கும்போது அதில் ஒரு பிரிவுக்கு வன்னித் தொகுதி என்று பெயர். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நிலத்தின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறிய கல் அது. இப்படிப்பட்ட பழைய நிலத்தை மழையும் வெயிலும் அரிக்க, ஆறுகள் அந்த மணலைக் கடலில் கொண்டுபோய்ப் போட்டன. அதோடு, 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்து கிடந்த காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. நாங்கள் இன்று வலை விடும் இடத்தில் பெரும்பகுதி அப்போது காய்ந்த தரை. பிறகு கடல் மெல்ல ஏறி வந்து அந்தத் தரையை மூடியது. அதனால்தான் இவ்வளவு சாய்வு குறைந்த கடலடி. (திருகோணமலை வேறு கதை. அங்கே கொட்டியாரக் குடாவின் வாயிலேயே ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது.)

முல்லைத்தீவிலிருந்து கிழக்கே, சற்று வடக்காகச் சுமார் 1,450 கிலோமீற்றர் போனால், அந்தமான் தீவுகளைத் தாண்டியதும் பாரன் தீவு வரும். குறுக்காக 3 கிலோமீற்றர்தான் இருக்கும். ஆள் குடியில்லை. அங்கே இந்திய நிலத்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புகுந்து இறங்குகிறது. அதோடு ஆழத்துக்குப் போகும் நீர், மேலே இருக்கும் சூடான பாறையை இளக வைக்க, இளகிய குழம்பு மேலே ஏறுகிறது. 1787 இல் அந்தத் தீவு வெடித்ததாகப் பதிவு இருக்கிறது. பிறகு நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991 இல் மறுபடி எழுந்தது. கடலுக்கு மேல் தெரிவது ஏறக்குறைய 350 மீற்றர். கடலுக்குக் கீழே 2,000 மீற்றருக்கும் மேல். நாம் தீவு என்று சொல்வது ஒரு பெரிய மலையின் உச்சந்தலை மட்டுமே.

எரிமலை கக்கிய கல்லும் சாம்பலும் குவியும்போது, நெற்குவியலைப் போலவே ஒரு அளவுச் சரிவில்தான் நிற்கும். 30 பாகையை ஒட்டிய சரிவு அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 பாகைச் சரிவில், கரையிலிருந்து 31 மீற்றர் போனதும் பத்துப் பாகம் ஆழம் வந்துவிடும். ஒரு நெடும்பனையை வெட்டிச் சாய்த்தால் எட்டுகிற தூரம். நாங்கள் எஞ்சின் ஓட்டிப் போய்ச் சேரும் ஆழம், அங்கே நீந்தியே போகிற தூரத்தில் இருக்கிறது. குழம்பு இறுகிப் பிறகு உடைந்து விழுந்த இடங்களில் செங்குத்துச் சுவரே நிற்கும்.

1,100 பாகை செல்சியஸ் சூட்டோடு கடலில் இறங்கும் குழம்பு என்ன ஆகும்? வெளிப்புறம் நொடியில் கண்ணாடி போல் இறுகிவிடும், உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது தோலைக் கிழித்துப் பிதுங்கும், அதுவும் உடனே இறுகும். இப்படியே உருண்டை உருண்டையாக அடுக்கிக்கொண்டு போகும். தலையணைகளைக் குவித்தது போல இருப்பதால் இதற்குத் தலையணைக் குழம்பு என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் ஹவாயில் சுழியோடிகள் பக்கத்தில் போய் இதைப் படம்பிடித்தார்கள். இந்த உருண்டைகளுக்கு இடையிலுள்ள பொந்துகளில்தான் பிறகு விலாங்கும் சிங்க இறாலும் குடியிருக்கின்றன.

முருகைக்கல் என்று நாங்கள் சொல்லும் பவளத்துக்கும் இந்தப் பாறை பிடித்தமானது. முருகையின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து வந்து எங்காவது ஒட்ட வேண்டும். மணலில் ஒட்ட முடியாது, அலை புரட்டிப் புதைத்துவிடும். புதிதாக இறுகிய எரிமலைக் கல் கெட்டியானது. ஏற்கெனவே வேறு எதுவும் அதில் இடம் பிடித்திருக்காது. இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளில் 1988 இல் எரிமலை வெடித்துக் குழம்பு கடலுக்குள் இறங்கியது. ஐந்தே ஆண்டில் அந்தக் கல்லின் மேல் 100க்கும் மேற்பட்ட முருகை இனங்கள் இருந்தன. சில மேசை முருகைகள் 90 சென்ரிமீற்றருக்கும் மேல் அகன்றிருந்தன. எரித்து அழித்த இடத்தில் அவ்வளவு விரைவில் உயிர் திரும்பியதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாலியின் துலாம்பென் கரையில் இன்னொரு சங்கதி. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இழுத்து வந்து அந்தக் கரையில் ஏற்றினார்கள். 21 ஆண்டுகள் அது கரையிலேயே கிடந்தது. 1963 இல் அகுங் எரிமலை வெடித்தபோது கப்பல் கடலுக்குள் சரிந்தது. இன்று சுமார் 5 மீற்றரிலிருந்து 30 மீற்றர் வரையான ஆழத்தில், கறுப்பு மணலில் சாய்ந்து கிடக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து சுழியோடிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். எங்கள் கரையிலும் 2006 டிசெம்பரில் பறா-3 என்ற ஜோர்தான் கப்பல் தட்டியது. போர் முடிந்த பிறகும் அங்கேயே கிடந்து, கடைசியில் இரும்புக்கு வெட்டப்பட்டது.

சரி, சரிவு இப்படி இருப்பதால் இறங்குகிறவருக்கு என்ன? ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீற்றரில் மொத்தம் நான்கு மடங்கு. வாயில் கடிக்கும் கருவி, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகவே காற்றைத் தரும். இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது. அதனால் அங்கே இழுக்கும் ஒரு மூச்சில் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு காற்று. 12 லீற்றர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தி அடைத்தால் 2,400 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கும் ஒருவருக்கு மேலே இரண்டு மணி நேரம் வரும். 30 மீற்றரில் அரை மணிதான். மணல் தரையில் உங்களைக் கடலடியே தடுத்து நிறுத்திவிடும். சுவரோரத்தில் தடுக்க எதுவும் இல்லை. ஆற்றுச் சேறு கலக்காத தெளிந்த தண்ணீரில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, கைக்கடிகாரம் போன்ற ஆழமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லோடு, ஒரே மூச்சை அடக்கி இறங்கினார்கள். 1943 இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் தேவைக்கேற்பக் காற்று தரும் கருவியைச் செய்த பிறகு, அந்தப் பழைய பழக்கமே ஆபத்தாகிவிட்டது. 10 மீற்றரில் சிலிண்டர்க் காற்றால் நுரையீரலை நிரப்பி, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். சிலிண்டர் கட்டியவர் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

மூச்சுக் காற்றிலுள்ள நைதரசன் இதைவிட மெதுவாக வேலை செய்யும். ஊறப் போட்ட விதைநெல் போல, அழுத்தத்தில் உடல் நைதரசனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊற நேரம் எடுப்பது போலவே காயவும் நேரம் வேண்டும். சட்டென்று மேலே வந்தால், திறந்த சோடாப் போத்தலில் வருவது போல இரத்தத்திலும் மூட்டிலும் குமிழி வரும். என் மாமா ஒருவர் அட்டைக்குப் போய் வந்த இரவு தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு உறங்காமல் இருந்தார். நாங்கள் எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது தூய ஒட்சிசனும், அழுத்த அறை உள்ள வைத்தியசாலையும். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. இன்றும் அந்த இரவை நினைத்தால் மனம் பதறுகிறது.

பாரன் தீவுக்குப் போகும் உல்லாசச் சுழியோடியின் கையில், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சொல்லும் அட்டவணை இருக்கும். அது எங்கள் சுழியோடிகளின் கையிலும் இருக்க வேண்டும். அதன்படி 30 மீற்றரில் ஏறக்குறைய 20 நிமிடம். பத்துப் பாகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாமல், 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். ஆனால் இந்த நிமிடங்கள் அன்றைய முதல் இறக்கத்துக்கு மட்டும்தான். இரண்டாவது சிலிண்டரைக் கட்டும்போது முதலாவதில் ஊறிய நைதரசன் இன்னும் உடலில் இருக்கும். அதே பத்துப் பாகத்தில் இப்போது குறைந்த நேரமே நிற்கலாம், மூன்றாவதில் அதைவிடவும் குறைவு.